கடற்கரையின் கணக்குப்பிள்ளை

கடல் நீரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு பாட்டில் நீரை மொண்டுகொண்டு போய்ச் சோதனைக்கூடத்தில் கொடுத்தால் போதும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் கடல் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலை பத்து மணிக்கு நாம் மொண்ட இடத்து நீர், மதியத்துக்குள் ஓதத்தோடு எங்கோ போய்விடுகிறது. தொழிற்சாலை தன் கழிவுக் குழாயை நள்ளிரவில் திறந்துவிட்டால், பகலில் மொண்ட பாட்டிலுக்கு அது தெரியப்போவதில்லை. ஆற்றில் வெள்ளம் வந்த வாரம் ஒரு கணக்கு, வற்றிக் கிடந்த வாரம் இன்னொரு கணக்கு. பாட்டில் நீர் ஒரு நொடியின் புகைப்படம். நமக்கு வேண்டியதோ ஆறு மாத நாட்குறிப்பு.

போதாக்குறைக்கு, அளவு வேறு படுத்துகிறது. ஈயம், பாதரசம், பூச்சிமருந்து போன்றவை கடல் நீரில் பெரும்பாலும் லிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தான் இருக்கும். மொள்ளுபவரின் கையுறையிலிருந்தும் படகின் பெயிண்டிலிருந்தும் பாட்டில் மூடியிலிருந்தும் உதிர்வது அதைவிட அதிகமாக இருந்துவிடலாம். பூமியின் வயதை 1956-ல் கணக்கிட்டுச் சொன்ன கிளேர் பாட்டர்சன்தான் பிற்பாடு ஒரு சங்கடமான உண்மையையும் சொன்னார்: கடல் நீரில் இருக்கும் ஈயம் என்று அதுவரை பலரும் வெளியிட்டிருந்த எண்களில் பெரும்பகுதி, அவர்களுடைய பாத்திரங்களிலிருந்தும் ஆய்வுக்கூடத் தூசியிலிருந்தும் வந்த ஈயம்தான்!

சரி, எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்து அளந்தே விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். நீரில் இருப்பதில் எவ்வளவு ஓர் உயிரின் உடம்புக்குள் போகிறது? மண்ணோடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடக்கும் உலோகம் வேறு, சதைக்குள் புகும் உலோகம் வேறு. கடலை உண்டு வாழ்பவர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

இந்த மூன்று சிக்கல்களுக்கும் ஒரே நேரத்தில் விடை தரக்கூடிய கருவி ஒன்று பாறையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஆங்கிலத்தில் மஸல் என்று சொல்லப்படும் நீள்வாக்கான சிப்பிதான் அது. குளச்சல் பக்கம் இதை வெறுமே சிப்பி என்பார்கள். மலையாளத்தில் கல்லுமேக்காய், அதாவது கல்லின் மேல் இருக்கும் காய். எவ்வளவு அழகான பெயர்! தமிழில் ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால், குழப்பம் வேண்டாமென்று இக்கட்டுரையில் மஸல், ஆய்ஸ்டர் என்ற பெயர்களையே பயன்படுத்துகிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் இடங்களில் சிப்பி.

மஸல் தன் உடம்பிலிருந்து நூல் போன்ற இழைகளைச் சுரந்து பாறையைப் பிடித்துக்கொள்கிறது. ஓடாது, ஒளியாது. மீனைப் பிடித்து அளந்தால் அது எந்தக் கடலில் மேய்ந்துவிட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்? மஸல் விஷயத்தில் அந்தச் சந்தேகமே இல்லை. அது சொல்வது அந்தப் பாறையின் கதை. சாப்பாட்டுக்காக மணிக்கு லிட்டர் கணக்கில் நீரை இழுத்துச் செவுள்களால் வடிகட்டுகிறது. நுண்பாசியோடு சேர்ந்து வரும் உலோகங்களும் எண்ணெய்ச் சேர்மங்களும் பூச்சிமருந்தும் சதையில் தங்கிவிடுகின்றன. மீனுக்கு இருப்பதுபோல் இவற்றை உடைத்து வெளியே தள்ளும் திறமை மஸலுக்கு அதிகம் கிடையாது. ஆகவே நீரில் இருப்பதைப் போல ஆயிரம் மடங்கு, சில பொருள்கள் லட்சம் மடங்குகூட, சதையில் சேர்ந்துவிடும். நானோகிராமோடு மல்லாடிக்கொண்டிருந்த ரசாயனவியலாளருக்கு இது வரப்பிரசாதம்.

கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975-ல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். உலகக் கரைகளில் எல்லாம் மஸல்களையும் அவற்றின் உறவுக்காரர்களையும் ஒரே முறையில் சேகரித்து, ஒரே முறையில் அளந்து, 'மஸல் வாட்ச்' என்று ஒரு கண்காணிப்பு ஏற்பாடு செய்தால் என்ன என்பது அவருடைய யோசனை. சிப்பியை அளப்பது அவர் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்க மீன்வள ஆய்வாளர் பிலிப் பட்லர் 1965-லேயே டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகளுக்காக அந்நாட்டுக் கரைகளின் சிப்பிகளைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார். கோல்ட்பெர்க் கேட்டது ஒழுங்கை: எங்கும் ஒரே கேள்வி, ஆண்டுதோறும் அதே கேள்வி. 1976 முதல் 1978 வரை ஒரு வெள்ளோட்டம் நடந்தது. அணுகுண்டுச் சோதனைகளின் மிச்சமான புளூட்டோனியத்தைக்கூட அப்போது மஸலில் தேடினார்கள். 1986-ல் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா அதைத் தொடர் திட்டமாக எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 300 இடங்கள். குளிர்ந்த கரைகளில் மஸல், மெக்சிகோ வளைகுடாவில் ஆய்ஸ்டர், பிற்பாடு பேரேரிகளில் வரிக்குதிரை மஸல்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஓட்டைப் பானை ஒன்றைக் குழாயடியில் வையுங்கள். மேலே நீர் விழுகிறது, கீழே ஒழுகுகிறது. பானையில் நிற்கும் மட்டம் இந்த நொடியில் குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. கொஞ்ச காலமாக எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு காலம் என்பது ஓட்டையின் அளவைப் பொறுத்தது. மஸலும் அப்படித்தான். இலேசான எண்ணெய்ச் சேர்மங்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ பாதியாகிவிடும். பிசிபி போன்றவை வாரங்கள், மாதங்கள். காட்மியம் மாதக்கணக்கில் போகாது. ஒரே உடம்புக்குள் வெவ்வேறு நீளமுள்ள ஞாபகங்கள்! என்னைப்போல் மென்பொருள் பிழைப்பில் இருப்பவர்கள் இதை 'மூவிங் ஆவரேஜ்' என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இயற்கை இதை நமக்கு முன்பே எழுதி வைத்துவிட்டது, அதுவும் பேட்டரி இல்லாமல்.

ஆனால் இந்தக் கணக்குப்பிள்ளையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நீர் சகிக்கவில்லை என்றால் மஸல் ஓட்டை இறுக்க மூடிக்கொண்டு நாட்கணக்கில் இருந்துவிடும். திடீரென்று வந்து போகும் கடும் நச்சு கணக்கில் ஏறாமலே போகலாம். முட்டையிடும் பருவத்தில் உடம்பின் கொழுப்பில் பெரும்பங்கு முட்டையோடு வெளியேறுகிறது. கொழுப்பில் கரைந்திருந்த பூச்சிமருந்தும் கூடவே போய்விடும். அந்த வாரம் அளந்தவர் கடல் சுத்தமாகிவிட்டது என்று அறிக்கை எழுதிவிடக்கூடும். அதனால்தான் நோவா குளிர்காலத்தில், முட்டையிடுவதற்கு முன்பே, ஏறக்குறைய ஒரே அளவுள்ள சிப்பிகளை எடுக்கிறது. இனத்துக்கு இனம் குணமும் வேறு. செம்பையும் துத்தநாகத்தையும் மஸல் ஓரளவு தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். ஆய்ஸ்டரோ துத்தநாகத்தைக் கண்டால் விடாது, மூட்டை கட்டி வைத்துக்கொள்ளும். மஸலையும் ஆய்ஸ்டரையும் அருகருகே வைத்து 'இந்தக் கரை மோசம், அந்தக் கரை தேவலை' என்று சொன்னால், பிள்ளையாரையும் குரங்கையும் ஒரே தராசில் நிறுத்த கதைதான். மஸலே இல்லாத துறைமுகம் என்றால்? சுத்தமான இடத்து மஸலை வலைப்பையில் கட்டி அங்கே தொங்கவிட்டு, சில மாதம் கழித்து எடுக்கலாம். கலிபோர்னியா மாநிலம் 1977-ல் தொடங்கிய தன் சொந்தத் திட்டத்தில் இதைச் செய்தது.

இதெல்லாம் முறைமை. சிப்பி சொன்னதைக் கேட்டு ஒரு நாடு சட்டம் போட்ட கதை பிரான்ஸில் நடந்தது.

போர்தோ நகரத்துக்குத் தென்மேற்கே ஆர்க்காஷோன் என்றொரு விரிகுடா. ஆய்ஸ்டர் வளர்ப்பில் பேர்போன இடம். 1970-களின் பிற்பாதியில் அங்கே விநோதமான ஒன்று நடந்தது. சிப்பிகளின் இளங்குஞ்சுகள் பிழைக்கவில்லை. ஓடுகளிலும் தூண்களிலும் வந்து ஒட்டவேண்டிய குஞ்சுகள் ஆண்டுக்காண்டு காணாமல் போயின. வளர்ந்த சிப்பிகளின் ஓடு தட்டையாக விரியாமல், அடுக்கடுக்காகத் தடித்துப் பந்துபோல் உருண்டது. அடுக்குகளுக்கு நடுவே பாகு மாதிரி ஏதோ நிரம்பியிருந்தது. சதைக்கு இடமில்லை. அப்படிப்பட்ட சிப்பியை யார் வாங்குவார்கள்? விளைச்சல் சரிந்தது. தலைமுறைகளாக இதே தொழிலில் இருந்த குடும்பங்கள் செய்வதறியாமல் நின்றன.

குளோத் அல்சியூ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் சந்தேகித்தது தொழிற்சாலையை அல்ல, உல்லாசப் படகுகளை. படகின் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்க அடிக்கும் பெயிண்டில் ட்ரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்திருந்தது. படகுத்துறைக்கு அருகே இருந்த சிப்பிகளில் கோளாறு அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு. சதையிலும் வெள்ளீயம் அதே வரிசையில் இருந்தது. பெயிண்ட் அடித்த தகடுகளோடு சிப்பிகளைத் தொட்டியில் வைத்து வளர்த்தார்கள். அங்கேயும் ஓடு தடித்தது.

1982 ஜனவரியில் பிரான்ஸ், 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு அந்தப் பெயிண்டைத் தடை செய்தது. அந்த ஆண்டே குஞ்சுகள் மறுபடி ஒட்டத் தொடங்கின.

எவ்வளவு வெள்ளீயம் இந்தப் பாடு படுத்தியது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். லிட்டருக்கு 2 நானோகிராம் அளவிலேயே ஓட்டில் கோளாறு தொடங்கிவிடுகிறது. 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 100 மீட்டர் ஆழம் உள்ள ஒரு குளத்தில் 2 கிராம் பெயிண்ட் நஞ்சைக் கரைத்தால் வரும் அளவு அது. அன்றிருந்த கருவிகள் நீரில் இதைப் பிடிக்கத் திணறின. சிப்பி பிடித்துவிட்டது.

இங்கிலாந்தில் இன்னொரு உயிர் இதற்கும் முன்பே முறையிட்டிருந்தது. பாறைகளில் ஊரும் சிறிய நத்தை வகை ஒன்றில், பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்திருப்பதை 1970-ல் பிளிமத் கரையில் கவனித்து எழுதிவைத்தார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் கரையில் இன்னொரு நத்தை இனத்தில் இதே கோளாறு தெரிந்தது. அங்கேதான் 1981-ல் பழி படகுப் பெயிண்டின் மேல் விழுந்தது. முற்றிய நிலையில் முட்டை வெளியேறும் பாதை அடைபட்டு, பெண் நத்தை முட்டைகளோடு சாகும். லிட்டருக்கு 1 நானோகிராமே இதைத் தொடங்கிவைக்கப் போதும் என்று பின்னால் தெரிந்தது. 1987-ல் பிரிட்டனும் சிறு படகுகளுக்குத் தடை போட்டது. பெரிய கப்பல்களுக்கும் சேர்த்து 2001-ல் ஒப்பந்தமாகி, அது நடைமுறைக்கு வந்தது 2008 செப்டம்பரில். நத்தை கண்ணில் பட்ட 1970-லிருந்து எண்ணினால் 38 ஆண்டுகள். பிரிட்டன் கரைகளில் அந்த நத்தை இப்போது மறுபடி பெருகியிருக்கிறது.

ஆர்க்காஷோனுக்குச் சற்று வடக்கே ஜிரோந்து கழிமுகம். பிரான்ஸ் 1979-ல் மஸலையும் ஆய்ஸ்டரையும் தன் கண்காணிப்பில் சேர்த்தபோது, இந்தக் கழிமுகத்து ஆய்ஸ்டர்களில் காட்மியம் எக்கச்சக்கமாக இருப்பது தெரியவந்தது. அக்கம்பக்கத்தில் காட்மியத்துக்கான காரணம் எதுவும் இல்லை. தேடிக்கொண்டே போனால், பல நூறு கிலோமீட்டர் உள்நாட்டில், லோத் ஆற்றில் கலக்கும் ஓர் ஓடைக்கரையில் துத்தநாக உலை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல இதைவிடப் பொருத்தமானவர் யார்? 1980-களின் பிற்பாதியில் அங்கே தாது உருக்குவது நின்றது. சிப்பியின் காட்மியமும் இறங்கத் தொடங்கியது, ஆனால் நொண்டி நொண்டித்தான். லோத் ஆற்றின் அணைகளுக்குப் பின்னால் தேங்கிய சேற்றில் பழைய காட்மியம் படிந்து கிடந்து, வெள்ளம் வரும்போதெல்லாம் கிளம்பி வந்தது. உலையை மூடுவது ஒரு கையெழுத்து. சேற்றுக்கு யார் கையெழுத்துப் போடுவது?

இன்னும் வடக்கே போனால் மரென் ஒலெரோன். அங்கே பச்சை நிற ஆய்ஸ்டருக்குத்தான் கிராக்கி. குளங்களில் வளரும் ஒருவகை நுண்பாசியின் நீலச்சாயம் செவுளில் ஏறிப் பச்சையாகத் தெரிகிறது; விலையும் ஏறுகிறது. தைவானின் தென்மேற்குக் கரையிலும் 1986 ஜனவரியில் ஆய்ஸ்டர்கள் பச்சையாகின. அது பாசி அல்ல, செம்பு. எர்ரென் ஆற்றங்கரையில், கழித்துப்போட்ட மின்கம்பிகளையும் மின்னணுச் சாமான்களையும் எரித்தும் அமிலத்தில் கழுவியும் உலோகம் பிரிக்கும் பட்டறைகள் இருந்தன. கழுவிய நீர் ஆற்றில், ஆறு கடலில், கடல் சிப்பியில். கணிப்பொறியில் பிழைப்பு நடத்தும் நாம் தூக்கியெறியும் பெட்டிகள் எங்கே போகின்றன என்று எப்போதாவது யோசித்தால், அந்தப் பச்சை நிறத்தையும் நினைத்துக்கொள்ளலாம். ஒரே நிறம், ஓரிடத்தில் விருந்து, ஓரிடத்தில் நஞ்சு. கண்ணால் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது, அளந்துதான் ஆகவேண்டும்.

அளந்துகொண்டே இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? நோவா 20 ஆண்டுக் கணக்கைத் தொகுத்து 2008-ல் வெளியிட்டது. டி.டி.டி., வெள்ளீயப் பெயிண்ட் போன்ற தடைசெய்யப்பட்டவை நாடு முழுதும் இறங்குமுகம். டி.டி.டி.க்கு அமெரிக்காவில் தடை வந்தது 1972-ல். ஆனாலும் லாஸ் ஏஞ்சலஸ் அருகே, 1970-களின் தொடக்கம் வரை ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் கழிவு சாக்கடை வழியே கடலில் கலந்த பகுதியில், சிப்பிகள் அதை மறக்கவில்லை. உலோகங்களில் பெரும்பாலான இடங்களில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சட்டம் வேலை செய்கிறதா என்பதற்கு இதுபோல் நேரடியான பதில் கிடைப்பது அபூர்வம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கிடங்கு. எடுத்த சிப்பிகளில் ஒரு பகுதியைத் திரவ நைட்ரஜன் குளிரில் உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். இன்று நாம் கேட்கத் தெரியாத கேள்வியை நாளை யாராவது கேட்கலாமே! கணிப்பொறிப் பெட்டிகளிலும் சோபா மெத்தைகளிலும் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களை மஸல் வாட்ச் தொடங்கிய காலத்தில் யாரும் தேடவில்லை. பிற்பாடு தேடினார்கள். 2009-ல் வெளிவந்த அறிக்கை, அமெரிக்கக் கரைகள் எங்கும் அவை பரவியிருப்பதாகச் சொன்னது.

இறந்த பிறகும் சிப்பி கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறது. மரத்தின் வளையங்களைப் போல ஓட்டில் ஆண்டுக்கோடுகள் உண்டு. வட அட்லாண்டிக்கின் ஒரு சிப்பியினம் நூற்றாண்டுகள் வாழும். ஐஸ்லாந்து அருகே 2006-ல் எடுத்த ஒன்றுக்கு வயது 507. அமெரிக்காவின் வர்ஜீனியா கரையருகே கிடைத்த இதே இன ஓட்டில் கோடு கோடாக ஈயத்தை அளந்தபோது, பெட்ரோலில் ஈயம் கலந்த காலம் முழுதும் ஏறி, 1980-ஐ ஒட்டி உச்சம் தொட்டு, ஈயத்தை விலக்கியபின் இறங்கும் வளைவு தெரிந்தது. சாலையில் ஓடிய கார்களின் வரலாறு கடலடியில் எழுதப்பட்டிருக்கிறது.

நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்களும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தின் ஷின்சுகே தனபே குழுவினரும் சேர்ந்து, தென்னிந்தியக் கரையின் பச்சை மஸல்களில் இருந்த பூச்சிமருந்துகளைப் பற்றி 1990-லேயே கட்டுரை வெளியிட்டார்கள். 1994-லிருந்து தனபே ஆசிய பசிபிக் மஸல் வாட்ச் என்று அதை விரித்தார். இந்தியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், வியட்நாம், சீனா என்று பல நாட்டு மஸல்கள் ஒரே ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. ஹாங்காங், வியட்நாம், சீன மஸல்களில் டி.டி.டி. கூடுதல், ஜப்பான் மஸல்களில் பழைய மின்மாற்றி எண்ணெயான பிசிபி கூடுதல். விவசாய நாடும் தொழில் நாடும் தத்தம் கையெழுத்தோடு இருந்தன. இந்திய மஸல்களிலும் படகுப் பெயிண்டின் வெள்ளீயம் இருந்தது.

சென்னைக்கு வடக்கே எண்ணூர் கழிமுகத்திலும் பச்சை மஸல் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றை உலோகங்களுக்காகச் சோதித்து 2012-ல் எழுதியிருக்கிறார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள்ளேயே எண்ணெய் பரவி, படகும் வலையும் அலையாத்திச் செடிகளும் கறுத்தன. இப்படி நடந்தபின் எடுக்கும் சிப்பியில் என்ன இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். அதே பாறையின் சிப்பியில் முந்தைய ஆண்டு என்ன இருந்தது என்பது மறுபாதி. அலாஸ்காவில் 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதியபோது, 1977 முதல் 1980 வரை அதே பகுதியில் எடுத்த மஸல்களின் எண்ணெய் அளவுகள் கைவசம் இருந்தன. 'இது முன்பே இருந்ததுதான்' என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆய்வுக்கூடக் கருவிகள் விலை அதிகம், வாஸ்தவம். ஆனால் சேகரிப்பதற்கு வேண்டியது ஒரு கத்தி, ஒரு வலைப்பை, ஐஸ் பெட்டி, இடமும் தேதியும் பிழையில்லாமல் எழுதிய சீட்டு, பிறகு மின்சாரம் தடைபடாத ஓர் உறைபெட்டி. ஓரிடத்துக்கு இருபது, முப்பது சிப்பி போதும். அளப்பதை அடுத்த ஆண்டு வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை.